நித்திரைக்காக நிறுத்திய பஸ்

இன்று காலை சாய்ந்தமருதில் ஒரு பெரியவர் பின்கதவால் பஸ்ஸில் ஏறினார். அவரோடு சந்தன அத்தர் மணமும் ஏறியது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் அந்த மணம் ஆசனங்களுக்கு நடுவால் சாரதி இருக்கை வரைக்கும் வந்துவிட்டது. நான் யோசிக்க முன்னமே தலையைத் தூக்கிக் கண்ணாடியில் பின்கதவைப் பார்த்தேன். அங்கே புது நடத்துநர் நின்றான். நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். என் கழுத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

வெளியே போகும்போது அத்தர் பூசுகிறவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். படுக்கப் போகும்போது பூசுகிற ஒரே மனிதன் நீ. அதுவும் பஸ்ஸின் கடைசி நீள ஆசனத்தில், கண்டி பஸ் நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே, இருபது நிமிடப் பகல் நித்திரைக்கு. அந்தப் பெரியவர் அம்பாறையில் இறங்கும்வரை உன்னைத்தான் நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மருதமுனை, நீ சாய்ந்தமருது. உன் வாப்பாவும் உனக்கு மூத்த காக்காமாரும் கடலுக்குப் போகிறவர்கள். உனக்குக் கடல் ஒத்துவரவில்லை. தோணியில் ஏறினால் வாந்தி என்று ஓடிவந்தவன், கல்முனை–கண்டி பஸ்ஸில் நடத்துநராகச் சேர்ந்தாய். கண்டி மலைப் பாதையின் பதினெட்டு வளைவு ஏறும்போது வாந்தி எடுக்கிறவர்களுக்குப் பொலித்தீன் பை கொடுப்பதுதான் உன் முதல் வேலையாக அமைந்தது. "அல்லாஹ் என்னைக் கடல்ல இரிந்து காப்பாத்தி மலையில கொண்டு விட்டான் மச்சான்" என்று நீ சிரித்தது இன்னும் கேட்கிறது.

நாங்கள் சேர்ந்த முதல் கிழமையில் நடந்ததைச் சொல்கிறேன். கண்டியில் பயணிகள் இறங்கிய பிறகு, நான் வழக்கம்போல ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து முகத்தைக் கவிழ்த்துப் படுத்தேன். நீ ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துக்கொண்டு இறங்கினாய். கை, முகம், கால் கழுவி வுழூச் செய்துவிட்டு ஏறி வந்தாய். தோளில் கிடந்த துவாயை எடுத்துப் பின் ஆசனத்தை மூன்று தரம் தட்டினாய். சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினேன்.

"என்ன செய்றாய்?"

"படுக்கையத் தட்டுறன்."

"பஸ் சீட்டுக்கும் நபிவழி ஸுன்னத்தா?"

"எங்க படுத்தாலும் படுக்கைதானே மச்சான். நாம எழும்பிப் போன பிறகு அதில என்ன வந்து கிடக்கெண்டு நமக்குத் தெரியுமா?"

பிறகு வலப் பக்கம் சாய்ந்து, வலக் கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்து, உதட்டுக்குள் ஓதினாய். 'உன் பெயரால்தான் இறைவா, மரணிக்கிறேன், உயிர் பெறுகிறேன்.' அதைச் சொல்லி முடிய உன் மூச்சு மாறிவிட்டது. பொறாமையாக இருந்தது எனக்கு. மற்றவர்கள் நித்திரையைத் தேடிப் போவார்கள். நீ கூப்பிட்டாய், அது வந்தது.

எத்தனையோ வருடம் அந்த ஆசனத்தைத் தட்டினாய். ஒரு பூச்சி விழுந்து நான் காணவில்லை. ஒருநாள் அதைச் சொல்லிப் பகிடி பண்ணினேன். "ஒண்டும் விழாட்டி நல்லதுதானே" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். எனக்கு நீ ஒரு நாளும் உபதேசம் பண்ணியதில்லை. ஆனால் நான் குப்புறக் கிடப்பதைக் கண்டால் மட்டும் விடமாட்டாய். வந்து முதுகில் ஒரு தட்டு. "இப்பிடிப் படுக்கப்படாது. அல்லாஹ்வுக்கு விருப்பமில்லாத படுக்கை. கழுத்துக்கும் கூடாது."

பிறகு என் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த வருடம் வந்தது. நம் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறவன். அவன் வந்து இருக்க ஒரு வீடு வேண்டும். அத்திவாரம் போட்டு நான்கு வருடமாகியும் என் வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றது. சம்மாந்துறை மில்லொன்றிலிருந்து வாழைச்சேனைக்கு இரவில் அரிசி ஏற்றும் லொறிக்கு ஆள் தேடினார்கள். ஓம் என்றேன். கிழமைக்கு நான்கு நாள் பஸ், மூன்று இரவு லொறி. சில நாட்களில் லொறியால் இறங்கி, முகம் கழுவி, சுபஹ் தொழுத கையோடு பஸ்ஸில் ஏறுவேன். வெற்றிலையும் பிளேன்டீயும்தான் என்னை விழிக்க வைத்தன.

நீ கண்டுபிடித்துவிட்டாய்.

"ராவைக்குப் படுத்தியா?"

"ஓம்."

"எத்தின மணித்தியாலம்?"

"நீ என்ன, டொக்டரா?"

இரண்டு வளைவு தாண்டிய பிறகு, பின்னாலிருந்து முன்னுக்கு வந்து என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாய்: "உடம்புக்கும் உன்னில ஒரு ஹக், ஒரு உரிமை இரிக்கி மச்சான். றசூலுல்லாஹ் சொன்னது. அத எடுத்து வீட்டுக்குச் சுவர் கட்டாத."

எனக்குக் கோபம் வந்தது. நீ சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது.

அந்த நாள் எனக்கு முழுதாக ஞாபகம் இருக்கிறது. கண்டியிலிருந்து திரும்பி வருகிறோம். பதினெட்டு வளைவையும் நல்லபடி இறக்கிவிட்டேன். ஆபத்து முடிந்தது என்று மனம் சொன்னது. ஹசலக தாண்டினால் நேர்ப் பாதை, இரண்டு மணி வெயில், பஸ் நிறைய ஆட்கள், எல்லாருக்கும் அரை நித்திரை. முன் ஆசனத்தில் சொறிக்கல்முனைப் பெண்ணொருத்தி, மடியில் ஒரு வயதுப் பிள்ளை. பாதை ஓரத்தில் நெல் காயப் போட்டிருந்தார்கள். அந்த மஞ்சளைப் பார்த்தது ஞாபகம். அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

இடப் பக்கச் சில்லு தார்ப் பாதையை விட்டு இறங்கிச் சரளையில் உரசிய சத்தத்துக்குத்தான் விழித்தேன். நீ என் பெயரைக் கூப்பிட்டுக் கத்தினாய். ஸ்டியரிங்கை ஒடித்து மேலே ஏற்றினேன். நெல்லுக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் மூன்று முழம் இருந்திருக்கும். மணி ஒரு தரம் அடித்தது. நிறுத்தச் சொல்லும் மணி.

"ஓரமாக்கி நிப்பாட்டு."

"ஒண்டுமில்ல, பள்ளத்தில இறங்கிட்டு."

"நிப்பாட்டு மச்சான்."

நிறுத்தினேன். நீ எனக்கு மேலால் கையை நீட்டிச் சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டாய். பிறகு பயணிகளைப் பார்த்துத் திரும்பினாய். "றைவருக்கு நித்திர. அரை மணித்தியாலம் படுத்து எழும்பித்தான் பஸ் போகும்" என்றாய். அதையே உன் உடைந்த சிங்களத்திலும் சொன்னாய்.

பஸ்ஸுக்குள் ஒரே சத்தம். கண்ணாடி போட்ட ஓர் ஆசிரியர் எழும்பி நின்று, "ஐஞ்சு மணிக்கு எனக்கு அம்பாறையில வேலை இரிக்கி. ஆர் உனக்கு பஸ்ஸ நிப்பாட்ட அதிகாரம் தந்தது? முகத்தக் கழுவிட்டு ஓடச் சொல்லு" என்று கத்தினார். நீ சாவி கிடந்த பையைப் பொத்திக்கொண்டு நின்றாய். அப்போதுதான் அந்தச் சொறிக்கல்முனைப் பெண், பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கதைத்தாள்.

"அந்த மனிசன் படுக்கட்டும் ஐயா. அவர்ர கண் மூடினத நான் கண்ட. எண்ட புள்ள முன்னுக்குத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

பாதைக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு மருத மரம் நின்றது. என் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போனாய். எனக்கு வெட்கமும் ஆத்திரமும். முழுப் பஸ்ஸும் பார்த்துக்கொண்டிருக்க, கல்யாணம் முடிக்க மகள் இருக்கிற மனிதனைக் குழந்தை மாதிரிப் படுக்க வைக்கப் பார்க்கிறாய். நீ போத்தலைச் சரித்தாய், நான் வுழூச் செய்தேன். பஸ்ஸிலிருந்து எடுத்து வந்த தொழுகைப் பாயை விரித்துத் துவாயால் மூன்று தரம் தட்டினாய்.

"இதுக்கு உன்ன நான் மன்னிக்க மாட்டன்" என்றேன்.

"மன்னிக்காமப் படுக்கப்படாது. இப்ப மன்னிச்சிட்டுப் படு. எழும்பின பிறகு கோபப்படு."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அந்த நிலைமையிலும். வலப் பக்கம் சரிந்தேன். துஆ ஓதினேனா இல்லையா என்று தெரியாது. நான் கண் விழித்தபோது முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. இலைகளுக்கு நடுவால் வானம் கழுவிவைத்த மாதிரித் தெரிந்தது. அப்படியொரு வெளிச்சத்தை நான் மாதக்கணக்கில் கண்டிருக்கவில்லை. பயணிகள் பஸ்ஸின் நிழலில் குந்தியிருந்து அவித்த சோளன் தின்றுகொண்டிருந்தார்கள். நீதான் பாதையோரப் பெண்ணொருத்தியிடம் வாங்கிக் கொடுத்திருந்தாய். அந்த ஆசிரியர் மட்டும் சோளன் வாங்காமல் பஸ்ஸுக்குள் தனியே இருந்தார்.

எல்லாரையும் வீட்டில் கொண்டு சேர்த்தோம்.

இனி எழுத எனக்கு விருப்பமில்லாத பகுதி. ஆனால் உனக்கு எழுதும்போது அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஆசிரியர் முறைப்பாடு செய்தார். அடுத்த நாள் பஸ் முதலாளி நம் இரண்டு பேரையும் தன் வீட்டு முற்றத்துக்குக் கூப்பிட்டார். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தியது யார் என்று கேட்டார். "நான்தான்" என்றாய். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு நித்திர தூங்கினதா?"

ஜன்னல் மட்டத்தில் நிற்கும் சுவர்தான் என் கண்ணுக்குள் வந்தது. "இல்ல முதலாளி. கண் கொஞ்சம் எரிஞ்சிச்சி. அவன்தான் பயந்துபோய் நிப்பாட்டினான்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். நான் நிலத்தைப் பார்த்தேன். "நாளைக்கு வர வேணாம்" என்று முதலாளி சொன்னதும், டிக்கட் பையைக் கழுத்தால் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, அவருக்கும் எனக்கும் ஸலாம் சொல்லி நடந்து போனாய். எனக்கும் சொன்னாய் என்பதுதான் என்னைக் குத்தியது.

அன்றிலிருந்து எட்டு நாள் எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. லொறியை விட்டுவிட்டேன், கட்டில் இருந்தது, நேரம் இருந்தது. நித்திரை மட்டும் வரவில்லை. ஒன்பதாம் நாள் அஸர் தொழுதுவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ கடற்கரையில் உன் காக்காவோடு வலை பிரித்துக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் காக்கா எழும்பி அப்பால் போய்விட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"என்ன மன்னிச்சிரு" என்றேன்.

நீ வலையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாய்: "அண்டைக்கு ராவே மன்னிச்சிட்டன். லேசா வரல்ல மச்சான். மூணு தரம் எழும்பி இரிந்தன். மறுகா, இவன மனசில வெச்சிக்கிட்டுப் படுக்க ஏலாது, விட்டிருவம் எண்டு விட்டன். அதுக்குப் பிறகுதான் தலவாணில தல வெச்ச."

"நான் பொய் சொன்ன."

"ஓம். மகள்ட வீட்டுக்காகச் சொன்னாய். எனக்குத் தெரியும்."

"முதலாளிக்கிட்டப் போய் உண்மையச் சொல்லப் போறன்."

"வீடு முடியட்டும்" என்றாய். உண்மையாகவே அப்படித்தான் சொன்னாய். உன் முகத்தில் ஒரு பாசாங்கும் இல்லை. அதைக் கேட்ட பிறகு ஒரு நிமிடமும் என்னால் பொறுக்க முடியவில்லை. கடற்கரையிலிருந்து நேரே முதலாளி வீட்டுக்குப் போனேன். கண் மூடியதையும், சில்லு இறங்கியதையும், நெல்லுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணையும், லொறியையும், எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதச் சொல்ல ஒம்பது நாள் எடுத்ததா உனக்கு?" என்றார். அடுத்த நாளிலிருந்து என்னையும் நிறுத்திவிட்டார்.

உன்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். நீ போய் என்ன பேசினாய் என்று பிறகு முதலாளிதான் எனக்குச் சொன்னார். "அந்த றைவர் இல்லாம நான் வாறல்ல. அவனுக்கு நித்திர மட்டும்தான் குறை. கண்டியில ஒண்டரை மணித்தியாலம் பஸ் நிக்கட்டும். அந்த நேரத்தில அவனை ஆரும் எழுப்பப்படாது" என்றிருக்கிறாய். முதலாளி மூன்று மாதத்துக்கு அப்படி ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். மூன்று மாதம் முடிந்தும் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. ஒரு மாதம் வீட்டிலிருந்த நான் அப்படித்தான் மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். நீ பின்கதவில் நின்று இரண்டு தரம் மணி அடித்தாய்.

லொறி போனதால் வீடு பிந்தியது. நிக்காஹை ஒரு வருடம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைக் கோணினார்கள், ஆனாலும் பொறுத்தார்கள். மகளிடம் சொல்லத்தான் பயந்தேன். அவள் சொன்னாள்: "பூச்சுப் பூசாத வீட்டில இரிக்கலாம் வாப்பா. நீங்க இல்லாத வீட்டில இரிக்க ஏலா." நிக்காஹ் நடந்தபோது குசினிச் சுவரில் செங்கல் தெரிந்தது. நீ அந்தச் சுவரோரமாக நின்று ஐந்து சஹன் தட்டில் பிரியாணி பரிமாறினாய்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் கண்டியில் நாம் இரண்டு பேரும் படுத்து எழும்பினோம். நானும் வுழூச் செய்தேன், தட்டினேன், வலப் பக்கம் சாய்ந்தேன். முதலில் உனக்காக, பிறகு பழக்கத்தால், எப்போதிலிருந்தோ விரும்பி. எழும்பியதும் ஓதும் துஆவை நீதான் முந்துவாய். 'எங்களை மரணிக்கச் செய்தபின் உயிர் கொடுத்த அல்லாஹ்வுக்கே புகழ் எல்லாம்.' ஓதிவிட்டு, "இன்னொரு தரம் விட்டிருக்கான் மச்சான், வா" என்று இறங்கிப் பிளேன்டீ குடிக்கப் போவாய்.

உனக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பகல் பார்வை நேரத்துக்கு வந்தேன். கையிலும் மூக்கிலும் குழாய். நிமிர்ந்தபடியே கிடந்தாய். "மூணு நாளா இப்பிடியே படுத்திரிக்கன். சாய ஏலாது" என்றாய். உன் குரலில் முறைப்பாடு இருந்ததை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். தாதியிடம் கேட்டேன். அவர் குழாய்களைப் பார்த்து யோசித்துவிட்டு, "கொஞ்சம் சாய்க்கலாம், முதுகுக்குத் தலையணை வைப்பம்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் உன்னைத் தூக்கியபோது, விரிப்பை என் கையாலேயே மூன்று தரம் தட்டினேன். வலப் பக்கம் சரித்தோம். உன் கையை எடுத்துக் கன்னத்துக்குக் கீழே வைத்தேன்.

"ஆரோடயாவது கோபம் இரிக்கா?" என்று கேட்டேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாய். "அந்தச் சேர்" என்றாய். "சோளன் வேணாமெண்டவர்."

"அவரையும் விடு."

"விட்டிட்டன்" என்று சிரித்தாய். நான் எழும்பிப் போகும்போது உன் மூச்சு மாறியிருந்தது, பழையபடி.

மூன்றாம் நாள் காலையில் செய்தி வந்தது. நான் பதியத்தலாவையில் நின்றேன். மாற்றுச் சாரதி வரும்வரை நின்று, அவன் கையில் சாவியைக் கொடுத்து, அழுதுகொண்டு பஸ் மாறி ஊருக்கு வந்தேன். அந்த நிலையில் நான் ஓட்டவில்லை. நீ அதைத்தான் விரும்பியிருப்பாய். அஸருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை. மையவாடியில் உன் காக்காவும் நானும் குழிக்குள் இறங்கினோம். உன்னை வலப் பக்கமாகச் சாய்த்து, முகத்தை மக்கா இருக்கும் கிப்லாவுக்குத் திருப்பி வைத்தோம். நம்மை அப்படித்தான் வைப்பார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் இத்தனை வருடம் நீ படுத்ததெல்லாம் இதே படுக்கைதான் என்பது அந்தக் குழிக்குள் நிற்கும்போதுதான் உறைத்தது. எனக்கு மரணத்தில் இருந்த பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

இப்போது கண்டியில் நான் தனியே படுப்பதில்லை. நம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் மட்டக்களப்பு பஸ்ஸின் சாரதி, ஒரு நாள் கண் சிவந்து வந்து, "நானா, எனக்கும் கொஞ்சம் இடம் இருக்கா?" என்று கேட்டார். முஸ்லிம் இல்லை, தமிழ் ஆள்; அண்ணன் என்பதை நம்மைப்போல் 'நானா' என்றார். பக்கத்து ஆசனத்தைக் காட்டினேன். இப்போது கிழமைக்கு மூன்று நாள் வருகிறார். தன் ஆசனத்தைத் தானே தட்டிக்கொள்கிறார், தூசு போக என்று சொல்லிக்கொண்டு. புது நடத்துநர் கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நிற்கிறான்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இரவு கட்டிலில் சாய்ந்து, துஆவும் ஓதி, யாரையும் மனதில் வைத்திருக்கிறேனா என்று பார்த்து முடித்த பிறகு, அன்றைய பயணிகளை ஒவ்வொரு ஹோல்ட்டாக இறக்கிப் பார்க்கிறேன். மண்வெட்டியோடு வந்த மனிதர் உகனையில் இறங்கினார். சம்மாந்துறையில் உம்மாவும் மகளும். காரைதீவுச் சந்தியில் கம்பஸ் பிள்ளைகள் நால்வர். சாய்ந்தமருதில் ஏழு பேர். கல்முனையில் மிச்சம் எல்லாரும். ஒருவரும் பஸ்ஸில் இல்லை, எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் எனக்கு நித்திரை வந்துவிடுகிறது. நாளைக்கு ஐந்தரைக்கு முதல் பஸ், மச்சான். அல்லாஹ் எழுப்பினால், நான் ஓட்டுவேன்.